நலம் விசாரிக்க வரும் பை

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்குகிறது. கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைபவை பைகள். மஞ்சள் பை, துணிக்கடைப் பை, கைப்பிடி அறுந்து முடிச்சுப் போட்ட நெகிழிப் பை, தூக்குவாளியின் மூடி எட்டிப் பார்க்கும் ஒயர்க்கூடை. மனிதர்கள் அவற்றின் பின்னே வருகிறார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். முசிறியிலும் தொட்டியத்திலும் ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலையிலும் வேறு எதில் கருத்து வேறுபாடு இருந்தாலும் இதில் இல்லை.

இப்பைகளை நெடுங்காலமாகப் பார்த்து வருகிற நாங்கள், ஒரு பையைப் பிரித்தாலே நம் காலத்து உணவுப் பழக்கம் அனைத்தையும் படித்துவிடலாம் என்று நம்புகிறோம். கடையில் விற்கும் புதுப் பொருளும், பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய நம்பிக்கையும், கைப்பேசியில் வந்த அறிவுரையும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அன்பு இல்லாத பை ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை. ஆனால், அன்பாகக் கொண்டுவந்த பொருள் மாலையில் வயிற்றுக்குள் போய், இரவு பத்து மணிக்கு மருத்துவரை ஓடிவரச் செய்ததும் உண்டு. ஆகவே இவ்விதழில் அந்தப் பையை மெல்லப் பிரித்துப் பார்ப்போம்.

மேலாக இருப்பது மேரி பிஸ்கட். காய்ச்சலா, கால் முறிவா, கர்ப்பப்பை அறுவையா, எதுவாயினும் மேரி பிஸ்கட் வந்துவிடும். இனிப்புக் குறைவாகத் தெரிவதால் இதை ஒருவகை மருந்தாகவே நம்மவர் கருதுகின்றனர். உண்மையில் இதன் பிறப்பு ஒரு திருமண வீட்டில். 1874இல் ரஷ்ய இளவரசி மரியா, விக்டோரியா மகாராணியின் மகனை மணந்தபோது, அதைக் கொண்டாட லண்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அவர் பெயரில் செய்து விற்ற பிஸ்கட் இது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கல்யாணப் பலகாரத்தை நாம் இன்று நோயாளியின் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம்! பொட்டலத்தின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எடையில் எது மிகுதியோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மேரியில் பெரும்பாலும் முதலில் மைதா, அடுத்துச் சர்க்கரை, அதற்கடுத்துப் பாமாயில் என்றே காண்பீர்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கப்படும் பிஸ்கட்டிலும் மைதா இருக்கும். மைதா வயிற்றுக்குள் சர்க்கரையாகத்தான் மாறும். ‘சிறுதானிய பிஸ்கட்’ என்று பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டிருந்தாலும், பட்டியலில் கேழ்வரகு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சில நேரங்களில் அது வரிசையின் கடைசியில், பந்திக்குப் பிந்தி வந்த விருந்தாளியைப் போல நிற்கும்.

அதற்கடியில் மால்ட் பானப் பொடி ஒரு புட்டி. ஹார்லிக்ஸ் 1873இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற சகோதரர் இருவர் தொடங்கிய வணிகம். நம் நாட்டில் அது நோயாளிக்கான பானம் என்னும் தகுதியைப் பெற்றுப் பல தலைமுறை ஆயிற்று. ‘ஹெல்த் டிரிங்க்’ என்னும் சொல்லுக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அப்பெயரின்கீழ் விற்கக் கூடாது என இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. பாலில் கலக்கும்போது நன்மையில் பெரும்பங்கு பாலைச் சேர்ந்தது. பாலை மட்டும் வாங்கி வந்திருந்தாலும் குறை ஒன்றும் நேர்ந்திராது. பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டி மாம்பழச் சாறும் இதே குடும்பம்தான். 200 மில்லிலிட்டர் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும். ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராம், அதாவது அதே ஐந்து தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இதற்குள் சிலர், “நாங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டோம், இரவில் சப்பாத்திதான்” என்று சொல்லக் காத்திருப்பீர்கள். தூக்குவாளியைத் திறந்தால் அதுவே இருக்கிறது: ஆறு சப்பாத்தி, ஓரமாகச் சிறிது உருளைக்கிழங்கு மசால். சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அரிசி குற்றவாளியாகவும் கோதுமை நிரபராதியாகவும் தீர்ப்பாகிவிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்றும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் என்றும் 2023இல் கணக்குச் சொன்ன ஆய்வு அது. அவ்வாய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றி வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்துவிடுவதில்லை என்றும் அது கண்டது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றை வைத்தால்தான் அபாயம் குறையும் என்பது அதன் கணிப்பு.

தட்டில் பார்த்தால் இது எளிது. நம் வீட்டுத் தட்டில் சோறு ஒரு மலை. குழம்பு அம்மலையிலிருந்து இறங்கும் அருவி. பொரியல் அடிவாரத்தில் ஒரு புதர். மலையைக் கரைத்து, புதரைத் தோப்பாக்கினால் போதும். மலை அரிசியா கோதுமையா என்று வாதிடுவது அடுத்த கதை. ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சேர்ந்தால் அது மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை. இரண்டு சப்பாத்தி, கிண்ணம் நிறையப் பருப்புக் கூட்டு, அதைவிடப் பெரிய கிண்ணத்தில் அவரைக்காயோ புடலங்காயோ என்றால், மருத்துவர் மறுநாள் காலைச் சோதனை முடிவைப் பார்த்துப் புன்னகைப்பார். இரண்டு இட்லியும் தாராளமாகச் சாம்பாரும் என்றாலும் அதே புன்னகைதான்.

இனிப் பையின் அடியில் இருப்பதற்கு வருவோம். எங்களை உண்மையில் கவலைகொள்ள வைப்பது அதுதான்: ஒரு சீப்புப் பூவன் பழமும் இரண்டு இளநீரும்.

காவிரிக் கரையில் இருந்துகொண்டு வாழைப்பழத்தைக் குறை சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. தொட்டியத்திலிருந்து முசிறி வழியாகச் செல்லும் சாலையின் இருபுறமும் வாழைத்தோட்டங்கள். 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அமைக்கத் திருச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, பச்சநாடன், மொந்தன் என்று பெயர் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பழம் நல்லது, இளநீரும் நல்லது. யாருக்கு என்பதில்தான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு கட்டில்களை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கட்டிலில் இருப்பவருக்கு இதயம் தளர்ந்து கால் வீங்கியிருக்கிறது. நீரை வெளியேற்ற அவருக்குக் கொடுக்கும் மருந்து, சிறுநீரோடு பொட்டாசியம் என்னும் உப்பையும் வெளியேற்றிவிடுகிறது. சோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தால் மருத்துவரே, “நாளுக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள்” என்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து வருகிறது. உடம்பில் சேரும் பொட்டாசியத்தை வெளியேற்ற அவரால் இயலவில்லை. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. அது மிகுந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். மிகவும் உயர்ந்தால், வலி, காய்ச்சல் என்ற எந்த முன்னறிவிப்பும் இன்றி இதயம் நின்றுவிடவும் கூடும். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. 200 மில்லிலிட்டர் இளநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம். இத்தகைய நோயாளி நாள் முழுவதும் உண்பதிலிருந்து பெறும் மொத்தப் பொட்டாசியத்தை 2,000 முதல் 3,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்வது வழக்கம். மாலையில் வந்த உறவினர், “ஒண்ணும் பண்ணாது மாமா, இயற்கைதானே, குடிங்க” என்று இரண்டு இளநீரைச் சீவிக் கொடுத்து, நான்கு பழத்தையும் உரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கூட்டிப் பாருங்கள். முதல் கட்டிலுக்கு மருந்தான சீப்பு, இரண்டடி தள்ளி இரண்டாம் கட்டிலுக்கு நஞ்சாகிறது. ஒரே பை இரண்டு கட்டிலுக்கும் போவதும் உண்டு. ஏனெனில் பக்கத்துக் கட்டிலுக்கும் பகிர்ந்து கொடுப்பது நம் பண்பாடு.

வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றியும் ஒரு சொல். ‘கிட்னிக்கு நல்லது’ என்று அதை வடிகட்டிப் புட்டியில் கொண்டுவருகிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கு வீட்டு மருந்தாக அது பேசப்படுவதால் வந்த நம்பிக்கை இது. கல் இருப்பது வேறு. சிறுநீரகம் செயலிழப்பது வேறு. ஒரே உறுப்பின் பெயரைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். செயலிழப்பு உள்ளவருக்கு வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியக் குடம்தான். அவர் காய்கறி உண்பதற்கு வழி இல்லாமல் இல்லை: நறுக்கிய காயை நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். மற்றவருக்குக் காய் வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள் என்று சொல்கிற நாங்களே இவருக்குக் கொட்டச் சொல்கிறோம். முரண்பாடாகத் தோன்றும், நோயைப் பார்த்தால் முரண்பாடு இல்லை.

உப்பிலும் இதே கதை. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அப்பெருமை இரத்த அழுத்தத்தைக் குறைக்காது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது சமையல், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், முறுக்கு அனைத்தும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கேட்டவுடன் சிலர் இந்துப்புக்கு மாறிவிட்டதாகப் பெருமையோடு சொல்வார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் அழகு. இன்னும் சிலர் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குகிறார்கள். அதில் சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு வைத்திருப்பது பொட்டாசியத்தை. இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது நன்மை தரலாம். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அப்பரிந்துரை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. விளம்பரத்தில் முதல் பாதிதான் காதில் விழும்.

இதுவரை கொடுப்பதைப் பற்றிப் பேசினோம். கொடுக்க மறுப்பதாலும் தீங்கு உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவருக்குப் பத்தியம் என்று சொல்லி முட்டை கூடாது, பருப்பு வாயு, தயிர் சளி, மீன் பட்டால் புண் சீழ்வைக்கும் என ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் கஞ்சியும் இரசஞ்சோறும் மட்டுமே மிஞ்சும்படி செய்துவிடுகிறோம். வெட்டிய தோல் மீண்டும் ஒட்டுவதற்குச் செங்கல் போன்றது புரதம். நலமாக உள்ளவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. புண் ஆறும் காலத்தில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். 300 கிராம் சோற்றில் கிடைப்பது 8 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு. தையல் பிரிந்து மறுபடி வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், “பத்தியம் தப்பாம இருந்தோம்” என்று மிகுந்த ஒழுக்கத்தோடு விடை வருகிறது. வயிற்று அறுவையில் முதல் சில நாள் கட்டுப்பாடு மருத்துவர் விதிப்பது. அது முடிந்ததும் முட்டைக்கும் சுண்டலுக்கும் தயிருக்கும் நீங்களே தடை விதிக்க வேண்டா.

கீரை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலோருக்கு ஆம். ஆனால் இதய வால்வு மாற்றப்பட்டு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் என்றால், கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ண வேண்டும். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் இருந்து, மறுவாரம் ஊரிலிருந்து அத்தை வந்தார் என்று நாளும் முருங்கைக்கீரை உண்டால், ஐ.என்.ஆர். சோதனை முடிவு ஏறி இறங்கி எல்லோரையும் குழப்பும்.

சர்க்கரைக்கும் நியாயம் செய்ய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்ட பின் உணவு தாமதமானால், நோயாளிக்கு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். பார்வையாளர் வந்த மகிழ்ச்சியில் பேசிக்கொண்டே இருந்து, இரவு உணவு குளிர்ந்துபோன நாட்களில் இது நேர்வதுண்டு. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், நாங்கள் இக்கட்டுரை முழுதும் திட்டிய அதே வெள்ளைச் சர்க்கரையில் மூன்று தேக்கரண்டியை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி மாம்பழச் சாறும் அந்நேரத்தில் நல்ல மருந்து. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். செவிலியரைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108.

ஆகவே, பையைக் கட்டுமுன் நோயாளியுடன் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, “இவருக்கு எது ஆகும், எது ஆகாது?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பணியில் உள்ள செவிலியரிடம் கேட்டுச் சொல்வார். எங்கள் செவிலியர் இதைத் தொல்லையாக நினைப்பதில்லை. இரவு பத்து மணி ஓட்டத்தைவிட மாலை நான்கு மணிக் கேள்வி அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

நோயாளி உண்ணாத பிஸ்கட்டும் பழமும் எங்கே போகின்றன என்பதையும் கவனித்திருக்கிறோம். துணைக்கு இருப்பவரிடம். வீணாகக் கூடாதே என்று காலையில் டீக்கு நான்கு பிஸ்கட், மதியம் வெளியே பரோட்டா, இரவு மீந்த பன். தம் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருப்பார். கணவர் குணமாகி வீடு திரும்பும் நாளில் மனைவிக்குத் தலைசுற்றி, அதே கட்டிலில் படுக்க வைத்ததும் உண்டு. திருக்குறளில் 95ஆம் அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’. ஒரு மூலிகையின் பெயர்கூட அதில் இல்லை. பசித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். இந்த நான்காமவருக்கு எந்தப் பையும் வருவதில்லை.

ஒரு முறை வந்தது. தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி, தம் மருமகனைப் பார்க்க வந்தார். கையில் பிஸ்கட் இல்லை, பழம் இல்லை. அக்குளில் சுருட்டி வைத்திருந்தது ஒரு கோரைப்பாய், முசிறியில் நெய்தது. சிறு சம்புடத்தில் எலுமிச்சம்பழ அளவு சோறும், அதைவிட நிறையக் கொத்தவரங்காய்ப் பொரியலும், ஒரு அவித்த முட்டையும். “அவனுக்கு நீங்க குடுக்கிறது போதும். ஒம்பது நாளா வெறுந்தரையில படுத்துக் கெடக்கிறா எம் பொண்ணு. இது அவளுக்கு” என்றார். பாயை விரித்து, மகளை உட்கார வைத்து, உண்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, கடைசிப் பேருந்துக்குப் போனார்.